முதியோரும் மின்சைக்கிளும்

முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியனாகப் பணியாற்றியவன் நான். அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அவ்வளவு காலமும் என்னைப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது சைக்கிள்தான். ஓய்வு பெற்ற பின்னரும் அதனோடு எனக்கிருந்த உறவு அறவில்லை. பாளையங்கோட்டையில் என் வீடு. காலையில் நூலகம், மாலையில் கடைவீதி, கிழமைக்கு இருமுறை, தாமிரபரணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, திருநெல்வேலி டவுனில் இருக்கும் என் தமக்கையார் வீடு. அவர்களுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. செய்தித்தாளையும் நல்ல நூல்கள் சிலவற்றையும் நான் உரக்கப் படிக்க, அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போக வரச் சுமார் 15 கிலோமீட்டர்.

அறுபத்து நான்காம் வயதில் முழங்கால் வலி வந்தது. சமநிலத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பிறகு, கிழமைக்கு இருமுறை என்பது ஒருமுறையாயிற்று. ஒருமுறை என்பது, மகனுக்கு ஓய்வு கிடைக்கும்போது என்றாயிற்று. பிறர் வண்டியை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் போதுதான், முதுமை என்பது என்ன என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. அப்போதுதான் மின்சைக்கிள் வாங்கலாம் என்ற எண்ணம் பிறந்தது.

இந்தப் பேச்சில் அதன் பெருமையை நான் விரித்துரைக்கப் போவதில்லை. முதலில் தவறான வண்டியை வாங்கி, விழுந்து எழுந்து, பிறகு சரியானதைத் தேர்ந்துகொண்டவன் நான். அந்த இரண்டுக்கும் இடையில் கற்ற பாடத்தை என் வயதொத்த நேயர்களுக்குச் சொல்வதே என் நோக்கம்.

முதல் வண்டியை நான் வாங்கிய கடையில், "வயதானவர்களுக்கு விசை மிகுதியாக இருக்க வேண்டும், கனமான வண்டிதான் ஆடாமல் போகும்" என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றியது. வாங்கி வந்தேன். சாலையில் அது நன்றாகவே ஓடியது. துன்பமெல்லாம் வீட்டு வாசலில்தான். எங்கள் வீட்டிற்கு மூன்று படிகள். ஒவ்வொரு நாளும் அதை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு போராட்டம். பதினெட்டாம் நாள் மாலை, படியில் முன்சக்கரத்தை ஏற்றும்போது ஹேண்டில் பார் ஒரு பக்கம் திரும்பியது. வண்டி சாய்ந்தது, அதைத் தாங்க முயன்ற நானும் சாய்ந்தேன், என் காலின்மேல் அது விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆயினும் கணுக்கால் பிசகி ஐந்து வாரம் கட்டிலில் கிடந்தேன். "இனி இந்த வீட்டில் சைக்கிள் என்ற பேச்சே வேண்டாம், நீங்கள் விழுந்தது போதும்" என்று என் மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவளைக் குறைகூற எனக்கு வாய் இல்லை.

நான் நடமாடத் தொடங்கிய பின், என்னிடம் படித்துச் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த வண்டியைக் கொண்டுபோனேன். அவர் அதை அடுத்திருந்த அரிசி மண்டியின் தராசில் ஏற்றினார். 36 கிலோ! "சார், இதில் இருப்பது ஈய பேட்டரி. அது மட்டுமே எட்டுக் கிலோவுக்கு மேல் இருக்கும். நீங்கள் மிதிப்பதற்கு வண்டி வாங்கினீர்கள், ஆனால் தூக்குவதற்கு என்று யோசிக்கவில்லையே" என்றார். வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த நான், எனக்கு வேண்டிய கணக்கைப் போட்டுப் பார்க்கத் தவறிவிட்டேன். "தம்பி, இன்று நீ ஆசிரியன், நான் மாணவன்" என்று சொல்லிவிட்டு வீட்டிற்கு வந்து ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. செய்யப்போகும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் தொடக்கம். அரசர்க்குச் சொன்ன அந்த முறை சைக்கிள் வாங்கும் கிழவனுக்கும் பொருந்தும் என்று கண்டேன். இங்கே செயல் என்பது நாம் செல்லும் வழி. தன்வலி என்பது நம் உடல். துணை என்பது மோட்டார். எதிரி என்பது எடை.

முதலில் தன்வலி. பழக்கமுள்ள நல்ல உடலினர் ஒருவர் நெடுநேரம் தளராமல் தரக்கூடிய உழைப்பு ஏறத்தாழ 75 வாட். இது ஒரு குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. அறுபதைக் கடந்து முழங்கால் வலியும் உள்ளவர் 50 வாட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, வழி கேட்கும் வலிமை. என் எடை 68 கிலோ. வண்டி 24 கிலோ. பையும் நூல்களும் காய்கறியும் 8 கிலோ. ஆக மொத்தம் 100 கிலோ என்று கொள்வோம். காற்றில்லாத சமநிலத்தில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 60 வாட் போதும். இது நம் உடலே பெரும்பாலும் தரக்கூடியது. அதே சமநிலத்தில் 25 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் 170 வாட்டுக்கு மேல் தேவைப்படும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மிக விரைவாக வளர்வதே இதற்குக் காரணம்.

இனி ஏற்றம். நூறடி சென்றால் ஐந்தடி உயரும் ஒரு பாலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஏறும்போது, நம் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 5 கிலோ எடைக்குச் சமமான விசை, நம்மைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், அதை வெல்ல மட்டும் 163 வாட் வேண்டும். உருளும் உராய்வும் காற்றும் கேட்பது இன்னும் 40 வாட். ஆக 200 வாட். நம்மிடம் இருப்பதோ 50. மீதி 150 வாட்டை மோட்டார் தந்தால் போதும். ஆகவே, நம் ஊர்ப் பாலங்களின் ஏற்றத்திற்கு 250 வாட் மோட்டாரே தாராளம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த அளவையே எல்லையாக வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் வலிமை 250 வாட்டுக்கு உட்பட்டு, மிதிக்கும்போது மட்டும் துணைசெய்து, மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டாரின் உதவி நின்றுவிடும் மின்சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட விசையுள்ள வண்டியைச் சைக்கிள் என்ற பெயரில் சிலர் விற்கக்கூடும். அது சட்டத்திற்கும் பொருந்தாது. நம் வயதிற்கும் பொருந்தாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி நேரம் தயங்கினால், வண்டி 7 மீட்டர் முன்னே போய்விடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டர்தான். ஓடும் வண்டி தாங்கியிருக்கும் ஆற்றலோ, வேகம் 15இலிருந்து 25 ஆகும்போது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. பிரேக் பிடிக்கும்போதும் விழும்போதும் கணக்குத் தீர்க்க வேண்டியது அந்த மூன்று மடங்கைத்தான்.

இனி எதிரியாகிய எடைக்கு வருவோம். இங்கேதான் என் கணக்கு என்னையே வியப்பில் ஆழ்த்தியது. வண்டியின் எடையில் 5 கிலோ குறைந்தால் அந்தப் பாலத்தில் ஏற எவ்வளவு மிச்சமாகும்? வெறும் 8 வாட். 200 வாட்டில் 8 வாட் என்பது பொருட்படுத்தத் தக்கதன்று. மோட்டார் அதைத் தன் பங்கில் ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் எடையைப் பற்றிக் கவலை வேண்டாமா? வேண்டும். ஓடும்போது எடையை மோட்டார் சுமக்கிறது. நிற்கும்போது நாம் சுமக்கிறோம். படியில் ஏற்றும்போதும், ஸ்டாண்டு போடும்போதும், குறுகிய சந்தில் திருப்பும்போதும், சாயும் வண்டியைத் தாங்கும்போதும் மோட்டார் நமக்கு உதவுவதில்லை. பேட்டரி தீர்ந்துபோன நாளிலும் அப்படியே. ஆகவே விசையை ஏற்றத்தை நினைத்துத் தேர்க. எடையை வாசற்படியை நினைத்துத் தேர்க. இதுவே என் ஐந்து வாரக் கட்டில்வாசம் கற்பித்த சூத்திரம்.

இந்த இரண்டிற்கும் இடையிலுள்ள போட்டி பழமையானது. பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு, அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் அது மக்களிடையே பரவவில்லை. ஈய பேட்டரியின் சுமை அதற்கு ஒரு பெரிய தடை. ஈய பேட்டரி ஒரு கிலோவுக்கு 30 முதல் 40 வாட்-மணி மின்னாற்றலைத்தான் தாங்கும். லித்தியம்-அயனி பேட்டரி அதைப் போல் மூன்று, நான்கு மடங்கு தாங்கும். 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிக்கும் அளவறிந்து துணைசெய்யும் மின்சைக்கிளை யமஹா நிறுவனம் 1993-இல் ஜப்பானில் வெளியிட்டது. அது முதலில் ஈய பேட்டரியோடுதான் வந்தது. பின்னர் இலகுவான பேட்டரிகள் வந்த பிறகே இவ்வகை வண்டிகள் உலகெங்கும் பெருகின. லித்தியம்-அயனி பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரே மிக மூத்தவர். முதியோர்க்கு உதவும் இந்த வண்டியின் உயிர்நாடியை ஆக்கியவர்களுள் ஒரு முதியவரும் இருந்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

பேட்டரியின் அளவை அறியும் வழி எளிது. அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி என்றால், ஏறத்தாழ 280 வாட்-மணி. நாமும் மிதித்து மோட்டாரும் உதவினால், கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும். எனவே 28 கிலோமீட்டர் போகலாம். பேட்டரி நாளடைவில் தளரும். ஆதலால் மூன்றில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டுவிடுங்கள். அப்போதும் என் 15 கிலோமீட்டர்ப் பயணத்திற்கு அது போதும். இதற்கு ஈய பேட்டரி என்றால் எட்டுக் கிலோ. லித்தியம் என்றால் இரண்டு கிலோ. நூறு கிலோமீட்டர் போகும் என்ற சொல்லுக்கு மயங்கி, தேவையற்ற பேட்டரிக்குப் பணமும் எடையும் கொடுக்க வேண்டாம். ஆனால் பேட்டரி தனியே கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். முதலில் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, பிறகு வண்டியைப் படியேற்றினால், சுமை இரண்டாகப் பிரியும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின்கேரியரின் மேல் பேட்டரி வைத்த வண்டி, உயரத்திலும் பின்புறத்திலும் கனத்து, தள்ளும்போது தள்ளாடும். நடுச்சட்டத்திலோ, இருக்கைக்குக் கீழுள்ள குழாயை ஒட்டியோ பேட்டரி இருப்பதே நல்லது.

மோட்டாரிலும் இரண்டு வகை உண்டு. சக்கரத்தின் நடுவில் அமைந்தது ஒன்று. மிதியின் அச்சில் அமைந்தது மற்றொன்று. முதல் வகை எளியது, விலை குறைந்தது. சமநிலத்திற்கும் பாலங்களுக்கும் போதுமானது. ஆனால் நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் மெல்லச் சுழலும்போது அது சூடேறி வலுவிழக்கும். இரண்டாம் வகை சைக்கிளின் கியர்களையே பயன்படுத்திக்கொள்வதால், மலையேற்றத்தில் தளராது. விலையும் செயின் தேய்மானமும் அதற்கு மிகுதி. உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்பவர்கள் இரண்டாவதை நாடலாம். திருநெல்வேலியில் இருக்கும் எனக்கு முதலாவதே போதும்.

இதைவிட முதியோர் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. நாம் மிதிப்பதை மோட்டார் எப்படி அறிகிறது? சில வண்டிகளில், மிதி சுழல்கிறதா என்பதை மட்டும் அறியும் உணர்கருவி இருக்கும். மிதி சற்றே அசைந்ததும், மோட்டார் முழு வலிமையோடு பாயக்கூடும். வேறு சில வண்டிகளில், நாம் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை அளக்கும் கருவி இருக்கும். மெல்ல மிதித்தால் மெல்ல உதவும். அழுத்தி மிதித்தால் மிகுதியாக உதவும். நம் கால்களே இளமை பெற்றதுபோல் தோன்றும். விலை சற்றுக் கூடுதலானாலும், இயன்றவர்கள் இதையே வாங்குக. முதல் வகைதான் கைக்கு எட்டும் என்றால், உதவியின் அளவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குக. எந்த வண்டியானாலும், பிரேக்கைப் பிடித்துக்கொண்ட பிறகே மிதியில் கால் வைக்க வேண்டும். பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும் அமைப்பு இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுச் சோதித்துக்கொள்க.

சட்டத்தின் அமைப்பைப் பற்றிச் சில சொற்கள். குறுக்கே பார் வைத்த சைக்கிளில் காலைத் தூக்கிப்போட்டு ஏறிய காலம் போயிற்று. பெண்கள் சைக்கிள் என்று நாம் சொல்லும், நடுவில் தாழ்ந்த சட்டமே நமக்கு உரியது. அதில் ஆண்மைக்கு ஓர் இழுக்கும் இல்லை. இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில்தான் இழுக்கு இருக்கிறது. இருக்கையின் உயரத்தில் ஒரு சிக்கல் உண்டு. முழங்காலுக்கு இதம் தர இருக்கை உயரமாக இருக்க வேண்டும். நிற்கும்போது நிலத்தில் கால் ஊன்றத் தாழ்வாக இருக்க வேண்டும். நடுவழி என்னவென்றால், உட்கார்ந்தபடியே இரண்டு கால்களின் முன்பாதங்களும் நிலத்தில் படுமாறு வைத்துக்கொள்வது. முழங்காலின் சுமையில் பெரும்பகுதியை மோட்டார் ஏற்பதால், சற்றுத் தாழ்ந்த இருக்கை வருத்தாது. டயர் சற்று அகலமாக இருந்தால் குழியும் கல்லும் அவ்வளவாகத் தெரியா. விரல்களில் பிடிவலு குறைந்தவர்களுக்கு, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் நல்லது. இரண்டு விரலால் பிடித்தாலும் வண்டி நிற்கும்.

கடைக்குச் செல்லும்போது வீட்டாரில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். எடை எவ்வளவு என்று கேட்டு, பேட்டரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். பிறகு நான்கு சோதனை செய்க. மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு தெரு தூரம் மிதித்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த நாளின் நிலை அதில் தெரியும். இறங்கி நின்று, வண்டியை ஒரு வட்டமாகத் தள்ளித் திருப்புங்கள். ஸ்டாண்டு போட்டு எடுங்கள். கடைவாசலில் படி இருந்தால், உங்கள் கையாலேயே ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். கடைக்காரர் உதவ வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் உங்கள் வீட்டிற்கு நாள்தோறும் வரப்போவதில்லை.

பேட்டரிக்கு மின்னேற்றும் முறையிலும் கவனம் வேண்டும். வண்டியோடு தந்த சார்ஜரையே பயன்படுத்துக. வெயிலில் ஓடி வந்த சூட்டோடு மின்னேற்றாமல் சற்று ஆறவிடுக. எல்லாரும் உறங்கும் இரவில், வெளியே செல்லும் வழியை அடைத்துக்கொண்டு, மின்னேற்ற வைக்கலாகாது. அடிபட்டோ உப்பியோ போன பேட்டரியைத் தொட்டுப் பயன்படுத்தலாகாது; அது தீப்பற்றக்கூடும்.

இவ்வளவும் எழுதிய தாளை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்ட கேள்வி ஒன்றே: "படியில் ஏற்றுவீர்களா?" மூன்று படிகளின் ஓரத்தில் கொத்தனாரை வைத்து ஒரு சரிவு கட்டினோம். பிறகு 21 கிலோ எடையுள்ள, தாழ்ந்த சட்டமும் அழுத்தமறியும் கருவியும் கொண்ட வண்டியைத் தேர்ந்தோம். கடையில் படியேற்றும் சோதனையை நான் செய்தபோது, அவள் அருகில் நின்று பார்த்தாள். பேட்டரியைக் கழற்றிய பின் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அதன் பிறகே இசைந்தாள். அவள் விதித்த நிபந்தனை இரண்டு: தலைக்கவசம் இன்றிப் புறப்படக் கூடாது, இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டும். இரண்டையும் இன்றளவும் மீறவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் காலுக்குத் துணையாகுமே அன்றி, கண்ணுக்கும் காதுக்கும் துணையாகாது. தலைசுற்றல் உள்ளவர்களும், பார்வை குன்றியவர்களும், குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதில் இறங்க வேண்டும். எனக்கும் ஒருநாள் இதை நிறுத்த வேண்டிய காலம் வரும். மருத்துவரோ மனைவியோ சொல்லும் அந்த நாளில் வாதாடாமல் இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அந்த நாள் இன்னும் வரவில்லை. இப்போது கிழமைக்கு இருமுறை பாலத்தைக் கடக்கிறேன். ஏற்றத்தின் நடுவில், முன்பு இறங்கித் தள்ளிய அந்த இடம் வரும்போது, கால் மெல்ல மிதிக்கிறது. வண்டி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. தமக்கையார் வீட்டு வாசலில் மணி அடித்தால், உள்ளிருந்து குரல் வருகிறது: "தம்பி, வந்துட்டியா? நேற்று எந்தப் பக்கத்தில் விட்டோம்?"